வேப்பமரத்தடியில் 11 மாதங்கள்

திருப்பாதிரிப்புலியூரில் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த என் மோட்டார் சைக்கிள் 2018இல் திருட்டுப் போய், நான்கு மாதங்கள் கழித்துப் புதுச்சேரி எல்லையருகே அகப்பட்டது. வழக்கு முடியட்டும் என்ற ஒரே பதிலில், அது 11 மாதங்கள் காவல் நிலைய வேப்பமரத்தடியில் கடற்காற்றில் துருவேறி நின்றது.

பறிகொடுத்தவன் தன் வண்டியைத் திரும்பக் கேட்க வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதை ஒரு வழக்கறிஞர் சொல்லித்தான் அறிந்தேன். சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002லேயே, கைப்பற்றிய வாகனங்களை நிலையங்களில் நெடுங்காலம் போட்டுவைப்பதில் பயனில்லை என்றும், பிணைப்பத்திரம் பெற்று உரியவரிடம் ஒப்படைக்கலாம் என்றும் கூறியிருந்தது. அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 451ஆவது பிரிவில் மனுப்போட்டோம். இப்போது அதற்கு ஈடானது, அச்சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497ஆவது பிரிவு. நீதித்துறை நடுவரின் உத்தரவோடு போய்ப் பார்த்தபோது பேட்டரியும் கார்புரேட்டரும் இல்லை. கைப்பற்றிய அன்று காவல்துறை எழுதிய மகஜரில், அதாவது பறிமுதல் பட்டியலில், அவை இருந்தன என்பதே எனக்குக் கிடைத்த ஒரே ஆயுதம்.

மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் புகார் கொடுத்தேன். விசாரணை நடந்தது, ஒரு காவலருக்குக் காவல்துறையின் 1955ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளின்படி 3(அ) குற்றச்சாட்டுக் குறிப்பாணை, அதாவது சிறு தண்டனைக்குரியது, தரப்பட்டதாகக் காதில் விழுந்தது. முடிவு என்னவென்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு, அது ஊழியரின் சொந்தத் தகவல் என்று 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றைக் காட்டி மறுத்துவிட்டார்கள். மறுப்பு எனக்கு எரிச்சலூட்டியது. ஆனால் அந்தக் காவலர் தண்டிக்கப்பட்டாலும் என் பேட்டரி திரும்பாது என்பது அப்போதுதான் உறைத்தது. துறை நடவடிக்கை அவருக்கும் அரசுக்கும் இடையிலானது. இழப்பீடு வேண்டுமானால் நான் தனியாகத்தான் கேட்டாக வேண்டும்.

அங்கேதான் 1965ஆம் ஆண்டின் கஸ்தூரிலால் தீர்ப்பு குறுக்கே நின்றது. மீரட்டில் காவல்துறை கைப்பற்றிய தங்கத்தைத் தலைமைக் காவலரே எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடியும், அது அரசின் இறையாண்மைப் பணியின்போது, அதாவது அரசு மட்டுமே செய்யக்கூடிய பணியின்போது, நேர்ந்தது என்பதால் அரசு பொறுப்பல்ல என்றது அத்தீர்ப்பு. இதைக் கேட்டு நான் வாயடைத்து நிற்க, வழக்கறிஞர் 1977ஆம் ஆண்டின் பசவ்வா வழக்கை எடுத்தார்: திருட்டுப்போய் மீட்கப்பட்ட நகைகள் காவல் நிலையத்தில் காணாமற்போக, குற்றவியல் நீதிமன்றத்தின் வழியாகவே அவற்றின் மதிப்பை அரசு தர வேண்டுமென உச்ச நீதிமன்றம் பணித்த வழக்கு அது. உரிமையியல் வழக்கென்றால் அரசுக்கு இரண்டு மாத முன்னறிவிப்பு, நீதிமன்றக் கட்டணம் என்று இழுக்கும். எனவே அதே நடுவரிடம் மறுபடியும் மனுப்போட்டோம்.

மனு விசாரணைக்கு வருவதற்கு முந்தைய நாள், நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. புதுப் பேட்டரியும் கார்புரேட்டரும் பொருத்தப்பட்டு வண்டி தயாராக நின்றது. யாருடைய பணம் என்று கேட்டேன். வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள் சார் என்றார்கள். ரசீது எதுவும் இல்லை.