ஆர் மென்பொருளில் பொதி ஏறவில்லை, அவசரம்!

மழைமானி | புதிய உறுப்பினர் | செவ்வாய் இரவு 9:12
வணக்கம். புள்ளிவிவரக் கணக்குக்கான ஆர் மென்பொருளைப் போட்டுவிட்டேன். திறக்கிறது, கூட்டல் கழித்தல் எல்லாம் செய்கிறது. ஆனால் வரைபடம் போடும் கூடுதல் பொதியான ஜிஜிபிளாட்2 மட்டும் ஏற மறுக்கிறது. மூன்று நாட்களாக முயல்கிறேன், சிவப்பு எழுத்தில் ஏதோ வருகிறது. வெள்ளிக்கிழமை வரைபடத்தோடு அறிக்கை கொடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

ரெயில்தடம் | செவ்வாய் இரவு 9:20
அந்த ‘ஏதோ’தான் எங்களுக்கு வேண்டும். சிவப்பு எழுத்தை அப்படியே ஒட்டுங்கள். விண்டோஸா, லினக்ஸா? ஆரின் பதிப்பு எண் என்ன? திறந்தவுடன் முதல் வரியிலேயே இருக்கும்.

பதுளைக்காரன் | செவ்வாய் இரவு 9:31
வைரஸ் தடுப்பான்தான், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பொதியை விரித்து வைக்கும் நேரத்தில் அது கோப்பைப் பிடித்துக்கொள்ளும். ஆர் அதை இடம் மாற்ற முடியாமல் கைவிரித்துவிடும். பத்து நிமிடம் அணைத்துவிட்டு முயன்று பாருங்கள் தம்பி.

நீலக்குறிஞ்சி | செவ்வாய் இரவு 9:44
விண்டோஸில் பொதிகளைக் கட்டும் கருவியான ஆர்டூல்ஸ் போட்டிருக்கிறீர்களா? பழைய ஆர் என்றால், பொதியின் புதிய பதிப்பு அதற்கேற்ற ஆயத்த வடிவில் கிரானில் (ஆர் பொதிகள் கிடைக்கும் தளம்) இருக்காது. மூலநிரலில் இருந்து கட்டவா என்று கேட்கும், கட்டுவதற்குக் கருவி வேண்டும். எனக்குப் போன வருடம் இதே கதைதான்.

உச்சிக்காடு | மூத்த உறுப்பினர் | செவ்வாய் இரவு 10:05
கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. இந்தக் களத்தின் உச்சியிலேயே ஒட்டிவைத்திருக்கிறோம், யாரும் படிப்பதில்லை. ‘ஏறவில்லை’, ‘அவசரம்’ என்ற இரண்டு சொற்களைத் தந்தால் நாங்கள் என்ன சோதிடமா பார்ப்பது? முதலில் கையேட்டைப் படித்துவிட்டு வரவும்.

மழைமானி | புதன் காலை 6:50
மன்னிக்கவும். தம்பி இல்லை, தங்கச்சி. தோட்டத்து லயத்துக்குள் (வரிசை வீடுகளில்) சிக்னல் இல்லை. பெரட்டுக்களத்து (வேலைக்கு ஆள் கூடும் இடம்) மேட்டுக்கு ஏறினால் இரண்டு கோடு வரும். போனை ஹொட்ஸ்பொட் ஆக்கி அங்கேயே லெப்டொப்பைத் திறந்து முயல்கிறேன், இரவில் பனி வேறு. விண்டோஸ் 10. ஆர் 4.1.2. கம்பஸ் நண்பி பென் டிரைவில் தந்தது. வைரஸ் தடுப்பானை அணைத்தும் பார்த்தேன், மாற்றம் இல்லை.

சிவப்பு எழுத்தில் ஒரு பாதை வருகிறது. சி டிரைவ், யூசர்ஸ், பிறகு வரிசையாகக் கேள்விக்குறிகள், பிறகு டொக்கியுமென்ட்ஸ், ஆர், வின்-லைப்ரரி, 4.1. அந்த இடத்தில் எழுத முடியாது என்கிறது.

ரெயில்தடம் | புதன் காலை 7:02
கேள்விக்குறிகளா! தங்கச்சி, லெப்டொப்பில் உங்கள் பயனர் கணக்கின் பெயர் தமிழிலா இருக்கிறது?

மழைமானி | புதன் காலை 7:10
ஆம். வாங்கிய அன்று பிள்ளையின் பெயரைத் தமிழில் அடித்துத் தரும்படி அப்பா கடைக்காரரிடம் கேட்டார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ரெயில்தடம் | புதன் காலை 7:34
எல்லாச் சம்பந்தமும் அங்கேதான். பொதிகளை ஆர் உங்கள் சொந்தக் கோப்புறைக்குள் வைக்கப் பார்க்கிறது. அந்தக் கோப்புறையின் பெயர் உங்கள் பெயர். விண்டோஸில் 4.1 வரை வந்த ஆர், கணனியின் பழைய குறிமுறைப் பக்கம் (ஒரு மொழியின் எழுத்துகளுக்கு எண் தரும் பட்டியல்) ஒன்றை நம்பியே எழுத்துகளைக் கையாண்டது. பிரெஞ்சுக்கு அப்படி ஒரு பக்கம் இருக்கிறது, ரஷ்ய மொழிக்கும் இருக்கிறது. தமிழுக்கு விண்டோஸ் அப்படி ஒன்றை வைக்கவே இல்லை, சிங்களத்துக்கும் இல்லை. இரண்டும் எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடில் மட்டும்தான். ஆகவே உங்கள் பெயர் வெறும் கேள்விக்குறிகளாகிவிடும். அப்படி ஒரு கோப்புறை எங்கும் இல்லை, பிறகு எப்படி எழுதுவது?

2022 ஏப்ரலில் வந்த 4.2.0 இதை மாற்றியது. விண்டோஸ் 10இன் 1903 பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையது என்றால் ஆர் யூனிகோடின் ஒரு வடிவமான யூடிஎஃப்-8இலேயே ஓடும். ஆகவே புதிய ஆரை இறக்குங்கள். நூறு எம்பிக்கும் குறைவுதான். 4.2 முதல் 64 பிட் மட்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைமானி | புதன் காலை 7:41
அமைப்புகளுக்குள் போய்க் கணக்கின் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டேன். அதே கேள்விக்குறிகள் வருகின்றன.

ரெயில்தடம் | புதன் காலை 7:45
அது திரையில் தெரியும் பெயர் மட்டும். யூசர்ஸுக்குள் உள்ள கோப்புறை முதல்நாள் வைத்த பெயரிலேயே கிடக்கும். அதைக் கையால் மாற்றப் போகாதீர்கள், வேறு பலதும் குழம்பிவிடும்.

உச்சிக்காடு | புதன் காலை 8:15
நான் நினைத்தது சரி. கணினியில் பயனர் பெயரை ஆங்கிலத்தில், இடைவெளி இல்லாமல் வைக்க வேண்டும் என்பது அரிச்சுவடி. மென்பொருளில் பிழை இல்லை.

நீலக்குறிஞ்சி | புதன் காலை 8:29
அரிச்சுவடியை எங்கே அச்சடித்திருக்கிறார்கள் ஐயா? நிறுவியின் திரைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். உரிமம் கேட்கும், எங்கே வைப்பது என்று கேட்கும், குறுக்குவழி வேண்டுமா என்று கேட்கும். ‘உங்கள் பெயர் தமிழில் இருந்தால் நில்லுங்கள்’ என்று ஒரு வரி கிடையாது. அந்தப் பிள்ளை சிவப்பு எழுத்தைச் சொல்லாமல் விட்டதற்கு அவ்வளவு திட்டினீர்களே.

உச்சிக்காடு | புதன் காலை 8:40
பெரும்பாலும் சம்பளம் இல்லாமல் உழைப்பவர்கள் எழுதும் மென்பொருள் அது. உலகத்தில் உள்ள எல்லா மொழிக்கும் எச்சரிக்கை எழுதிக்கொண்டிருக்க முடியுமா?

ரெயில்தடம் | புதன் காலை 8:52
அதை எழுதுபவர்களே இதைப் பயனரின் பிழை என்று தள்ளிவிடவில்லை. யூடிஎஃப்-8க்கு மாற, விண்டோஸ் கருவித்தொகுதியையே புதிதாக்கி, ஆரையும் கிரானில் இருந்த பொதிகளையும் மறுபடி கட்டினார்கள். ஆயிரக்கணக்கான பொதிகள். பெயரை மாற்றிக்கொள் என்பது அதைவிடச் சுலபமான பதிலாகத்தான் இருந்திருக்கும்.

பதுளைக்காரன் | புதன் காலை 9:00
நடுவில் ஒரு சிறிய விண்ணப்பம். ரெயில்தடம் அண்ணா, ‘கணனி’ அல்ல, ‘கணினி’. பாடப்புத்தகத்தைப் பாருங்கள்.

ரெயில்தடம் | புதன் காலை 9:04
நான் படித்த காலத்தில் பத்திரிகை, வானொலி எல்லாம் கணனிதான். இனிமேல் கை மாறாது.

நீலக்குறிஞ்சி | புதன் காலை 9:11
எங்கள் வீட்டில் கொம்பியூட்டர். அம்மா அதையும் சுருக்கி ‘பெட்டி’ என்கிறார். யாருக்கும் குழப்பம் இல்லை.

உச்சிக்காடு | புதன் காலை 9:15
கணி என்ற வினையடியில் இருந்து வருவது கணினி. இதில் விவாதத்துக்கே இடமில்லை.

(இதற்குப் பிறகு வந்த பதினொரு கணனி, கணினிப் பதிவுகள் தனி இழைக்கு மாற்றப்பட்டன. – மட்டுறுத்துநர்)

பண்டாரவளை_வகுப்பு | புதன் மாலை 4:30
பிந்தி வருகிறேன். விடுமுறைகளில் ஏ.எல். முடித்த பிள்ளைகளுக்கு ஆர் சொல்லிக் கொடுக்கிறேன். முதல் வகுப்பில் 14 லெப்டொப்புகள். ஒரு வரி நிரல் எழுதும் முன்பே காலை முழுவதும் நிறுவலிலேயே போய்விட்டது. பெயரில் இடைவெளி வைத்தவர் இருவர், டொக்கியுமென்ட்ஸை ஒன்டிரைவ் (இணையச் சேமிப்பு) இழுத்துக்கொண்டு போனது ஒருவருக்கு, தமிழ்ப் பெயர் ஒருவருக்கு. மற்றவர்களுக்கு டேட்டா தீர்ந்தது. ஜிஜிபிளாட்2 தனியாக வருவதில்லை. தனக்குத் தேவையான பொதிகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு வரும். நடுவில் சிக்னல் அறுந்தால் எது வந்தது எது வரவில்லை என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அடுத்த வகுப்புக்கு முன் மினிக்ரான் என்ற பொதியைக் கொண்டு, வேண்டிய பொதிகளையும் அவை சார்ந்தவற்றையும் மட்டும் பென் டிரைவில் ஒரு சிறிய களஞ்சியமாக எடுத்து வைத்தேன். இணையமே தேவைப்படவில்லை. கூடவே ஒரு தாளில் மூன்று படம்: எந்தக் கோப்பை இரட்டைச் சொடுக்க வேண்டும், எந்த வரியை ஒட்ட வேண்டும், சரியாக வந்தால் திரை எப்படி இருக்கும். மூன்றாவது படம்தான் அதிகம் உதவியது. முன்பெல்லாம் எந்தத் தகவல் வந்தாலும் பிழை என்று பயந்து மூடிவிடுவார்கள். ஒரு பிள்ளை சிவப்பு எழுத்தைக் கண்டு நான்கு முறை மறுபடி நிறுவியிருக்கிறாள். அது வெறும் ‘ஏற்றப்பட்டது’ என்ற அறிவிப்பு. அதையும் சிவப்பில்தான் காட்டித் தொலைக்கிறது.

மழைமானி தங்கச்சிக்கு: மேட்டில் நின்று புதிய ஆரை இறக்க முடியாவிட்டால், விண்டோஸில் ஆங்கிலப் பெயரில் இன்னொரு உள்ளகக் கணக்கைத் திறந்து, அதற்குள் நுழைந்து முயலுங்கள். வீட்டுக் கோப்புறையும் தற்காலிகக் கோப்புறையும் சேர்ந்தே புதிதாகிவிடும். பொதிகள் இருக்கும் இடத்தை மட்டும் சி டிரைவுக்கு மாற்றினால், தற்காலிகக் கோப்புறை பழைய பெயருக்குள்ளேயே கிடந்து காலை வாரலாம். ஆனால் 4.1இல் புதிய பொதிகளுக்கு நீலக்குறிஞ்சி சொன்ன சிக்கல் இருக்கிறது. முடிந்தால் இரண்டையும் செய்யுங்கள்.

பதுளைக்காரன் | புதன் மாலை 5:10
வைரஸ் தடுப்பானையும் ஒரு முறை... சரி, விட்டுவிடுகிறேன். தங்கச்சி, எதற்கு வரைபடம்?

மழைமானி | வியாழன் இரவு 8:55
தோட்டத்து மழைப் புத்தகத்தில் 11 வருடக் கணக்கு இருக்கிறது. அதையும் பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறையையும் ஒப்பிட வேண்டும்.

புதிய ஆர் இறங்கிவிட்டது, பொதியும் ஏறிவிட்டது. என் பெயர் பாதையில் முழுதாகத் தெரிகிறது. புதிய கணக்குத் திறக்கவில்லை. எல்லா அண்ணாமாருக்கும் நன்றி, ஓடுகிறேன். ஒரு சந்தேகம் மட்டும்: வரைபடம் திரையில் சரி, சேமித்த கோப்பில் ‘கொழுந்து’ என்ற சொல்லின் கொம்பு இடம் மாறி நிற்கிறது. ஏன்?

பண்டாரவளை_வகுப்பு | வியாழன் இரவு 9:03
புத்தகத்தில் பழைய வருடங்கள் அங்குலத்திலும் பிந்தியவை மில்லிமீற்றரிலும் இருக்கக்கூடும். 25.4ஆல் பெருக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பையும் பாருங்கள்.

உச்சிக்காடு | வியாழன் இரவு 9:20
கொம்புப் பிரச்சினைக்குப் புதிய இழை தொடங்கவும். தலைப்பில் ‘அவசரம்’ வேண்டாம்.

ரெயில்தடம் | வியாழன் இரவு 9:22
பரவாயில்லை, இங்கேயே சொல்லுங்கள். பிடிஎஃப் ஆகச் சேமித்தீர்களா, பிஎன்ஜி ஆகவா?

ரெயில்தடம் | சனி காலை 10:40
தங்கச்சி?