அருகிப்போன பாலூட்டிகள் மறைந்தால் காட்டின் இயக்கத்தில் என்ன குறையும்?

ஆவாரை (கேள்வி):
அழிவின் விளிம்பில் உள்ள ஒரு பாலூட்டி, பெரும்பாலும் சில ஆயிரமாகச் சுருங்கிய பிறகுதான் செய்தியில் அடிபடுகிறது. அந்த நிலையில் அது காட்டுக்குச் செய்யும் வேலையே மிகச் சொற்பமாகத்தானே இருக்கும்? அப்படியானால், அந்த மிச்சமும் போவதால் மண்ணும் மரமும் நீரும் எதை இழக்கின்றன? இரக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, அளந்து பார்த்த ஓர் எடுத்துக்காட்டோடு யாரேனும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மண்புழு:
உங்கள் ஐயம் நியாயமானதே. இழப்பு கடைசி விலங்கு சாகும் நாளில் நேர்வதில்லை. அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நேர்ந்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் வொய்லியை எடுத்துக்கொள்ளுங்கள். கங்காருவுக்கு உறவான பெட்டாங் வகையைச் சேர்ந்த, ஒன்றரைக் கிலோ அளவேயுள்ள இந்த விலங்கு, மண்ணுக்கடியில் விளையும் காளான்களைத் தேடி இரவெல்லாம் முன்னங்கால் நகங்களால் தோண்டிக்கொண்டே இருக்கும். ஒரு வொய்லி ஓராண்டில் ஏறத்தாழ 5 டன் மண்ணைப் புரட்டுவதாக மேற்கு ஆஸ்திரேலியாவில் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அங்குள்ள யூகலிப்டஸ் காடுகளில் சருகிலிருந்து வரும் மெழுகுப் பொருள் மேல்மணலில் படிந்து நீரை ஒட்டவிடாமல் செய்வதால், மழை பெய்தாலும் பெரும்பகுதி வழிந்தோடிவிடும். வொய்லி பறித்த குழி அந்தப் படலத்தைக் கிழித்து நீரை உள்ளே இறக்குகிறது; அதிலேயே சருகும் விதையும் சேர்கின்றன, சருகு மக்குகிறது. தின்ற காளானின் ஸ்போர்கள் (விதைபோலப் பரவும் நுண்துகள்கள்) எச்சத்தோடு வேறோர் இடத்தில் விழுந்து, மர வேர்களோடு கூடி வாழும் பூஞ்சையாக மீண்டும் வளர்கின்றன. ஒரு காலத்தில் கண்டத்தின் பாதிக்கும் மேற்பட்ட பரப்பில் நடந்த இந்த வேலையை, ஐரோப்பியர் கொண்டுவந்த செந்நரியும் பூனையும் காடழிப்புமாகச் சேர்ந்து தென்மேற்கு மூலையின் சில காடுகளுக்குள் ஒடுக்கிவிட்டன. நரிகளைக் கட்டுப்படுத்தியதும் எண்ணிக்கை தேறிவிட்டதென்று 1996இல் அருகிய இனப் பட்டியலிலிருந்து பெயரை நீக்கினார்கள் (அவசரப்பட்டுவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்). 1999க்கும் 2006க்கும் இடையில் ஏறத்தாழ 90 விழுக்காடு சரிந்துபோனது.

கருவேலன்:
குழி பறிப்பதுதான் காரியம் என்றால், அதே நாட்டில் முயல்கள் கோடிக்கணக்கில் பறிக்கின்றனவே. அவை அந்த இடத்தை நிரப்பிவிடாதா?

மண்புழு:
தெற்கு ஆஸ்திரேலியாவில் ராக்ஸ்பி டவுன்ஸ் அருகே, வேலியிட்ட காப்பகம் ஒன்றில் இதையே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பில்பியும் (நீண்ட காதுகளுள்ள, மண் தோண்டும் சிறு பைப்பாலூட்டி) பெட்டாங்கும் பறித்த குழிகள் ஆழமானவை. அவற்றில் சிக்கும் சருகும் அதிகம். முயல் மேலாகப் பறண்டிவிட்டுப் போகிறது, போதாக்குறைக்கு முளைத்த கன்றையும் தின்றுவிடுகிறது. ஆகவே அதை மாற்றாகக் கொள்ள முடியாது.

நெய்தல்:
மண்புழு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஓர் இனம் இருக்கிறதா இல்லையா என்பதைவிட, ஓர் எக்டேருக்கு எத்தனை என்பதே காட்டுக்கு முக்கியம். அது இரு பக்கமும் வெட்டும். அதே காப்பகத்தில் மீண்டும் விடப்பட்ட வளைவாழ் பெட்டாங்குகள், வேலிக்குள் வேட்டைவிலங்கு இல்லாததால் அளவுமீறிப் பெருகி, செடிகொடிகளை மொட்டையடிக்கத் தொடங்கின. உபரி விலங்குகள் வெளியேறுவதற்காக ஒருவழிக் கதவுகளை வைத்துப் பார்த்தார்கள். பிறகு 2018இல், பெட்டாங்கை வேட்டையாடக்கூடிய மேற்கத்திய குவோல் என்னும் ஊனுண்ணும் சிறு பைப்பாலூட்டியையும் உள்ளே விட்டார்கள்.