கார்னேஷன் ஒரு பக்கமாக வாடுகிறது, மருந்து ஊற்றலாமா?

மலைத்தோட்டம், கோத்தகிரி:
பாலிஹவுஸில் (பிளாஸ்டிக் கூரைக் குடிலில்) கார்னேஷன் பூச்செடி போட்டிருக்கிறேன். ஒரு பாத்தியில் மட்டும் செடிகள் அங்கங்கே வெளிறுகின்றன. செடி முழுக்க இல்லை. ஒரு பக்கத்துக் கிளை மஞ்சளாகி வளைகிறது, மறுபக்கம் மொட்டோடு நன்றாகவே இருக்கிறது. மண்ணில் ஈரம் இருக்கிறது, சொட்டுநீரிலும் அடைப்பு இல்லை. மருந்துக் கடையில் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை ஊற்றச் சொல்கிறார்கள்.

பூக்காரர்:
மருந்து இருக்கட்டும். வாடின தண்டை அடியிலிருந்து நீளவாக்கில் கீறிப் பாருங்கள். உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் ஃபியூசேரியம் என்ற மண் பூஞ்சையால் வரும் வாடல். மண்மட்டத்தில் பட்டை அழுகி உரிந்து வந்தால் ரைசோக்டோனியா என்ற வேறு பூஞ்சையால் வரும் தண்டழுகல்.

மலைத்தோட்டம்:
கீறினேன் அண்ணா. பழுப்புக் கோடு கிளை வரை ஏறியிருக்கிறது. வேர் அழுகவில்லை.

பூக்காரர்:
அப்படியானால் ஃபியூசேரியம்தான். வேர் வழியே ஏறி, நீர் போகும் குழாய்களை அடைத்துவிடும். எந்தப் பக்கம் அடைபட்டதோ அந்தப் பக்கம் முதலில் வாடும். உள்ளே ஏறிவிட்ட செடியை எந்த மருந்தும் மீட்காது. தயவுசெய்து அதற்குக் காசைக் கரைக்காதீர்கள். செடியைப் பிடுங்கி உதறாமல், வேர்மண்ணோடு தோண்டிச் சாக்கில் கட்டி, வெளியே கொண்டுபோய் எரியுங்கள். உரக்குழியில் போடவே கூடாது. இந்தப் பூஞ்சையின் வித்து, செடியே இல்லாவிட்டாலும் மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அந்தப் பாத்தியில் கடைசியாக வேலை செய்யச் சொல்லுங்கள்; செருப்பில் ஒட்டின மண்ணே போதும், பரவிவிடும்.

நம் மலைமண் புளிப்பு மண், இந்தப் பூஞ்சைக்குத் தோதானது. மண்ணைப் பரிசோதித்து, சுண்ணாம்பு போட்டுப் புளிப்பைக் குறைத்து, பி.ஹெச். (கார அமில அளவு) 6.5-க்கு மேல் கொண்டுவாருங்கள். அமோனியா உரத்தைக் குறைத்துக் கால்சியம் நைட்ரேட் கொடுங்கள். மண்சூடு 25 டிகிரியைத் தாண்டினால் நோய் வேகமெடுக்கும், வெயில் மாதங்களில் பக்கத் திரையைத் தூக்கிவிடுங்கள்.

குன்னூர்வாசி:
நாற்று எங்கே வாங்கியது? பார்க்க நன்றாக இருக்கும் தாய்ச்செடியில் எடுத்த கட்டிங்கிலும் இந்த நோய் ஒளிந்து வரும்.

மலைத்தோட்டம்:
பழைய செடியிலேயே கட்டிங் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த நடவுக்கு அது ஆகாதா?

பூக்காரர்:
வேண்டாம். நோயற்ற நாற்று என்று உறுதி தரும் இடத்தில், எதிர்ப்புத்திறன் உள்ள ரகமாகக் கேட்டு வாங்குங்கள். பூஞ்சையைக் கொல்ல, பாலிதீன் மூடி வெயிலில் மண்ணைச் சூடேற்றுவது நம் மூடுபனியில் சரியாக வராது. மண்ணுக்குள் நீராவி செலுத்த வசதி இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் அந்தப் பாத்தி மண்ணை விட்டுவிட்டு, தொட்டியில் தென்னைநார்க் கழிவு நிரப்பி நடுங்கள். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையை மக்கின தொழுவுரத்தில் கலந்து நடவுக்கு முன்பே போட்டுவிடுங்கள். செடி வாடின பிறகு போட்டுப் பலனில்லை.