கோஷன் கவுண்டி மையத்தில் கைவைத்தது சரியா?

(முற்றம், வரிகட்டுபவர், தூண் என்ற புனைபெயர்களில் மூவர் விவாதம்)

முற்றம்: அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஆரஞ்சு கவுண்டி (நம் மாவட்டம் போன்றது); அதில் கோஷன் என்ற சின்ன ஊர். அங்கே பால் ருடால்ஃப் என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்த அரசு மையம் 1970 வாக்கில் திறக்கப்பட்டது. நீதிமன்றமும் கவுண்டி அலுவலகங்களும் ஒரே முற்றத்தைச் சுற்றி அமைந்த கட்டடம். 2015ல் அதன் ஒரு பகுதியை இடித்தார்கள். மிச்சத்தையும் அடையாளம் தெரியாமல் மாற்றிவிட்டார்கள். இது மன்னிக்க முடியாத வேலை. அந்தச் சுவரின் கான்கிரீட் கற்களில் செங்குத்தாக வரி வரியாகப் புடைப்பு இருந்தது. வெயில் சாயும்போது ஒவ்வொரு வரியும் தனி நிழல் போட்டது. ஒரு சிற்றூரின் பொதுக் கட்டடத்துக்கு இவ்வளவு கவனம் யார் கொடுப்பார்கள்?

வரிகட்டுபவர்: சார், அதில் மொத்தம் 87 கூரைகள் இருந்தன. கூரை சுவரோடு சேரும் இடமெல்லாம் ஒழுக வழி. 2011ல் ஐரீன் புயலுக்கு அப்புறம் கட்டடத்தையே மூட வேண்டியதாயிற்று. வழக்குக்கு வருகிறவர் ஏற்கெனவே பயந்துபோய் வருகிறார். அவருக்கு வேண்டியது ஒழுகாத கூரை, எளிதில் கண்டுபிடிக்கக்கூடிய வாசல். நிழல் அழகு அடுத்ததுதான்.

முற்றம்: ஒழுகல் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் ஒழுகினால் கூரையைத்தானே சரிசெய்ய வேண்டும்? யேல் பல்கலைக்கழகத்தில் அதே ருடால்ஃப் கட்டிய கலை, கட்டடக்கலைத் துறைகளின் கட்டடமும் அதே மாதிரி வரி வரியான கான்கிரீட்தான். 1969ல் தீப்பிடித்தது, பல வருடம் சீரழிந்து கிடந்தது. 2008ல் புதுப்பித்து, அவர் பெயரையே வைத்தார்கள்.

வரிகட்டுபவர்: யேலுக்கு நன்கொடை குவிகிறது. கவுண்டிக்கு மக்கள் கட்டும் வரிதான் முக்கிய வருமானம். எங்கோ இருக்கும் ரசிகர்களுக்காக அந்த ஊர்க்காரர் ஏன் செலவழிக்க வேண்டும்?

தூண்: ஒரு விஷயத்தை இருவரும் விட்டுவிட்டீர்கள். ஜீன் காஃப்மன் என்ற கட்டடக்கலைஞர் அதை விலைக்கு வாங்கிக் கலைஞர்களுக்கான இடமாக்க முன்வந்தார்; பக்கத்திலேயே கவுண்டிக்குப் புது அலுவலகம் கட்டும் யோசனையும் அதில் இருந்தது. கவுண்டி அதை ஏற்கவில்லை.

முற்றம்: அதைத்தான் நானும் கேட்கிறேன். விலை கொடுக்க ஆள் இருந்தபோது, வரிப்பணத்தைச் சொல்லி எப்படி இடிக்க முடியும்?

வரிகட்டுபவர்: ஒருவர் வாக்கை நம்பி ஊரின் நடுவிலிருக்கும் பொதுச் சொத்தைத் தனியாருக்கு விற்பதா? அவரால் முடியாமல் போனால், பூட்டிக் கிடக்கும் கான்கிரீட் யார் தலையில் விழும்? ஆனால் ஒன்று: 2011லேயே கூரைகளைச் செப்பனிட்டுத் திறந்திருந்தால் நானும் உங்கள் பக்கம்தான் நின்றிருப்பேன்.