கிளாக்கில் ஏதுய்யா சேஃப்டி?

ஹவில்தார்:
சீனுவின் தொடர்கதை, பதினோராம் அத்தியாயம். கடைசியில் அவரே ஒரு குறிப்பு போட்டிருக்கிறார்: "ஆயுத விவரங்கள் அனைத்தும் சரிபார்க்கப்பட்டவை." சரிபார்த்த லட்சணத்தைப் பாருங்கள். துப்பறியும் நாயகன் சட்டைக்கு அடியிலிருந்து கிளாக் 19 பிஸ்டலை உருவுகிறான், தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டான சேஃப்டியைக் கட்டைவிரலால் தள்ளுகிறான், "டிக்" என்று கேட்கிறது, வில்லனுக்கு வியர்க்கிறது. அய்யா, கிளாக்கில் கட்டைவிரலுக்கு ஒரு வேலையும் கிடையாது. விசையின் நடுவில் சின்ன நாக்கு ஒன்று இருக்கும். விரல் வைத்து அழுத்தினால் அதுவும் சேர்ந்து உள்ளே போகும், அவ்வளவுதான். உங்கள் ஆள் எதைத் தள்ளினான், சட்டைப் பொத்தானையா?

சீனு:
வணக்கம் சார். பத்து அத்தியாயம் வரை ஒரு வார்த்தை சொல்லாதவர், ஒரு "டிக்" கேட்டதும் ஓடி வந்துவிட்டீர்கள். கட்டைவிரலால் தள்ளும் சேஃப்டி வைத்த கிளாக்கும் உண்டு. அமெரிக்க ராணுவம் புதுப் பிஸ்டல் தேர்ந்தெடுக்க நடத்திய போட்டிக்கு அனுப்பியதில் இருந்தது. என் நாயகனிடம் இருப்பது அந்த வகை.

ஹவில்தார்:
அந்தப் போட்டியில் 2017இல் ஜெயித்தது சிக் சாவர் கம்பெனி. தோற்றுப்போன துப்பாக்கி ஆழ்வார்பேட்டையில் மாடி அறை வாடகைக்கு எடுத்த டிடெக்டிவ் கைக்கு எப்படி வந்தது, கூரியரிலா?

கடலூர்க்காரன்:
அதைவிடப் பெரிய ஓட்டை இருக்கிறது. இங்கே 9 எம்எம் என்பது தனியாருக்கு லைசென்ஸ் கிடைக்காத குழல் அளவு. .32 மாதிரி அளவுதான் வாங்கலாம். கான்பூர் ரிவால்வர், இல்லையென்றால் இஷாப்பூர் அஷானி பிஸ்டல். 2014இல் வந்த நிர்பீக் ரிவால்வர் வெறும் அரைக் கிலோ. ஒளித்து வைக்க அதைவிட என்ன வேண்டும்?

சீனு:
ஆறு தோட்டாவை வைத்துக்கொண்டு நான் கிளைமாக்ஸ் எழுதுவதா? கிளாக்கில் 15. அப்புறம், நிர்பீக் பெண்களின் கைப்பைக்கு என்று விளம்பரம் செய்தது. என் நாயகன் ஆறடி.

காவேரி:
கைப்பை என்றால் அவ்வளவு இளக்காரமா? கைப்பையிலிருந்து வரும் தோட்டா வலிக்காதோ? ஜேம்ஸ் பாண்டுக்கும் இதே பேச்சு வந்தது. முதலில் அவரிடம் இருந்தது .25 பெரெட்டா பிஸ்டல். 1956இல் கிளாஸ்கோவிலிருந்து பூத்ராய்ட் என்ற துப்பாக்கிப் பிரியர், அது பெண்கள் வைத்துக்கொள்கிற துப்பாக்கி என்று பாண்ட் கதைகளை எழுதிய ஃப்ளெமிங்குக்குக் கடிதம் எழுதினார். ஃப்ளெமிங் முறைத்துக்கொள்ளவில்லை. 1958இல் வந்த நாவலில் வால்தர் பிபிகே பிஸ்டலைக் கொடுத்தார். அதைப் பரிந்துரைக்கும் ஆயுத அதிகாரிக்கு பூத்ராய்ட் என்றே பெயரும் வைத்தார். சீனு சார், உங்கள் கதையிலும் ஒரு ஹவில்தார் வரட்டுமே.

சீனு:
நல்ல உதாரணம் மேடம், எனக்குத்தான் சாதகம். பூத்ராய்ட் கடிதத்தில் சொன்ன துப்பாக்கி உறை ரிவால்வருக்கானது. ஃப்ளெமிங் அதைக் கொண்டுபோய் பிபிகேவுக்கு மாட்டிவிட்டார். புத்தகம் விற்காமல் போயிற்றா?

ஹவில்தார்:
சீனு இப்போது ஃப்ளெமிங் ஆகிவிட்டார், எல்லாரும் எழுந்து நில்லுங்கள். உறையை விடுங்கள், சேஃப்டிக்கு வாருங்கள். பிபிகேயில் ஸ்லைடின், அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தின், இடப்பக்கம் சேஃப்டி இருக்கிறது. பதினேழு வருஷப் பட்டாளத்தில் நான் பிடித்த இஷாப்பூர் 9 எம்எம்மிலும் இருந்தது. "டிக்" வேண்டுமென்றால் அதில் ஒன்றைக் கொடுத்திருக்கலாமே. கிளாக்கில் ஏது?

மளிகை மணி:
எனக்குத் துப்பாக்கி தெரியாது, எடை தெரியும். கிளாக் 19 தோட்டாவோடு 850 கிராம் வருமாம். ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு அரைக் கிலோ, இருநூறு, நூறு, ஐம்பது என்று நான்கு எடைக்கல்லைத் துணியில் சுற்றி பேன்ட் இடுப்பில் செருகினேன். சட்டையை வெளியே விட்டுக்கொண்டு நடந்தேன். தெருமுனை வருவதற்குள் பேன்ட் வலப்பக்கம் இறங்கிவிட்டது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் விலாவில் குத்துகிறது. கடைக்காரர், "என்னண்ணே, இடுப்புல கட்டியா? டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?" என்றார். திரும்பி வந்து வேட்டி கட்டி, பச்சை பெல்ட் பையில் அரைக் கிலோவை மட்டும் போட்டுக்கொண்டு போனேன். ஒருத்தரும் கேட்கவில்லை. உங்கள் ஆளுக்கு வேட்டி கட்டிவிடுங்கள் தம்பி.

சீனு:
அவன் வேட்டி கட்டுகிற ஆள் இல்லை அண்ணே.

கடலூர்க்காரன்:
ஏன், வேட்டி கட்டினால் துப்பறிய வராதா?

சீனு:
அப்படிச் சொல்லவில்லை. பைக்கில் துரத்துகிற காட்சி இருக்கிறது.

கடலூர்க்காரன்:
எங்கப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முப்பது வருஷம் புல்லட் ஓட்டினார். சென்னைக்காரர்களுக்கு எல்லாமே பேன்ட்தான்.

சீனு:
நான் தஞ்சாவூர். அது கிடக்கட்டும். ஹவில்தார் சார், போன வருஷப் போட்டிக்கு நீங்கள் எழுதிய கதை நினைவிருக்கிறதா? நாயகன் ரிவால்வரால் சுடச்சுடத் தரையில் காலித் தோட்டா உருளும். ரிவால்வர் எப்போது சார் காலித் தோட்டாவைத் துப்பியது? போதாததற்கு அதில் சைலென்சர் வேறு. அப்போது நான் வாயைத் திறக்கவில்லை.

ஹவில்தார்:
சைலென்சரா? அது நாகன்ட் ரிவால்வர், ரஷ்யாவின் 1895 மாடல். விசையை இழுக்கும்போது உருளை முன்னால் நகர்ந்து குழாயோடு ஒட்டிக்கொள்ளும். புகை கசியாது. அதனால் சைலென்சர் எடுபடும். படித்துவிட்டுப் பேசுங்கள்.

காவேரி:
சைலென்சர் சரி சார். தரையில் உருண்டது?

ஹவில்தார்:
அதற்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். இங்கே கேள்வி ஒன்றுதான். கிளாக்கில் சேஃப்டி எங்கே?

மளிகை மணி:
அந்தப் போட்டியில் பரிசு யாருக்குப் போனது?

காவேரி:
ஹவில்தார் சாருக்குத்தான். சீனு சாருக்கு ஆறுதல் பரிசு.

மளிகை மணி:
அப்படிச் சொல்லுங்க.

சீனு:
அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பன்னிரண்டாம் அத்தியாயம் போட்டாயிற்று. முதல் வரியே "டிக்"தான்.

ஹவில்தார்:
படித்தேன். இரண்டு "டிக்" இருக்கிறது. முதலாவது இல்லாத சேஃப்டி. இரண்டாவது என்ன, பல்லியா?