லாக்ஸுக்குள் சாம்பல் பிசுக்கு, நனைந்தால் வாடை: சோடாவில் ஊறவைக்கலாமா?

தாம்பரத்தான் கேட்டது:

மூணு வருஷத்து லாக்ஸ் (ட்ரெட்லாக்ஸ், சீவாமல் சடை சடையாகப் பிடிக்கவிட்ட முடி). தோளுக்குக் கீழே நாலு விரல் நீளம், ஒவ்வொரு சடையும் சுண்டுவிரல் தடிமன். வாரம் ஒருமுறை தலைக்குக் குளியல், போர் தண்ணீர்தான். ஆரம்பத்தில் தேன்மெழுகு கலந்த க்ரீம் போட்டது, பிறகு தேங்காய் எண்ணெய், நடுவில் கொஞ்ச காலம் சீயக்காய்த் தூள். காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. நனைந்தால் மடித்து வைத்த ஈரத்துணி வாடை வருகிறது. வெட்டிய நுனியில் பார்த்தால் நடுவில் சாம்பல் நிறமாக ஏதோ அடைந்திருக்கிறது.

யூடியூபில் எல்லாரும் ஒரு வாளி சுடுதண்ணீரில் பேக்கிங் சோடா, ஆப்பிள் சிடர் வினிகர் இரண்டையும் ஒன்றாகக் கொட்டி அரை மணி நேரம் ஊறச் சொல்கிறார்கள். செய்யலாமா? அளவு என்ன? வருஷத்துக்கு எத்தனை தடவை?

முடிச்சுக்காரி (லண்டன்) எழுதியது:

இரண்டையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். சோடா காரம், வினிகர் அமிலம். சேர்ந்ததும் நுரைத்து ஒன்றையொன்று தீர்த்துவிடும், மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத்தண்ணீர். நுரை பொங்குவதைப் பார்த்து அழுக்கு கழல்கிறது என்று நினைக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த வீடியோக்களில் கடைசியில் காட்டும் பழுப்புத் தண்ணீரையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மருதாணி, டை போட்ட தலை என்றால் அந்தச் சாயமே பாதி.

ஊறவைப்பதற்கு முன்னால் உள்ளே இருப்பது என்ன என்று பாருங்கள். வெட்டிய நுனியிலிருந்து ட்வீசரால் கொஞ்சம் எடுத்து வெள்ளைத் தாளில் வையுங்கள். சுடுநீரில் போட்டெடுத்த ஸ்பூனால் அழுத்துங்கள். உருகி, தாளில் எண்ணெய்க் கறை மாதிரி ஊடுருவினால் மெழுகு அல்லது எண்ணெய். உருகாத தூளாக இருந்தால் அதன்மேல் ஒரு சொட்டு வினிகர்: குமிழி வந்தால் சுண்ணாம்பு. இரண்டுமே இல்லை, இழை இழையாகப் பிரிகிறது என்றால் துணிப் பஞ்சு. பஞ்சை எந்த ஊறலும் கரைக்காது. மேலாக இருப்பதை ட்வீசரால் எடுக்கலாம், உள்ளே பின்னிக்கொண்டதை விட்டுவிட வேண்டியதுதான்.

எண்ணெய், வியர்வை, மெழுகு இல்லாத பழைய க்ரீம் என்றால் சோடா ஊறல் வேலை செய்யும். அளவு: 8 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், 2 மேசைக்கரண்டி சமையல் சோடா, அதாவது ஏறக்குறைய 30 கிராம். முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடு உறைக்கக் கூடாது, 40 டிகிரிக்குள் இருக்கட்டும். நேரம் 10 முதல் 15 நிமிடம். அரை மணி நேரம் வேண்டாம். காரத்தில் முடியின் மேல்செதில் விரிந்து முடி உப்பும், ஊறும் நேரம் கூடக்கூட இழை பலவீனமாகும். உச்சந்தலையை முக்க வேண்டிய அவசியமே இல்லை, சடைகள் மட்டும் வாளிக்குள் இருந்தால் போதும். உள்ளே இருக்கும்போது ஒவ்வொரு சடையையும் மேலிருந்து கீழாகப் பிழிந்து விடுங்கள், தேய்க்காதீர்கள்.

கடையில் வாங்கும்போது கவனம். ஆப்பசோடா என்று கேட்டு வாங்குங்கள். சலவைச் சோடா வேறு, அதன் காரம் பல மடங்கு அதிகம், தலையைப் புண்ணாக்கிவிடும். கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடரும் ஆகாது. அதில் மாவு கலந்திருக்கும், போய்ச் சடைக்குள் பசையாக உட்காரும்.

பிறகு ஓடும் தண்ணீரில் ஐந்து நிமிடமாவது அலச வேண்டும். பிழியும் தண்ணீர் தெளிந்து, வழவழப்பு போன பிறகு ஷாம்பு. நாசில் வைத்த பாட்டிலில் ஒரு பங்கு ஷாம்புக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து வகிடு வகிடாகத் தலைத்தோலில் விடுங்கள். நுரை கீழிறங்கும்போது சடைகளைப் பிழிந்தால் போதும். இரண்டு முறை. முத்து மினுமினுப்போடு கெட்டியாக இருக்கும் ஷாம்பு, கண்டிஷனர் கலந்தது, பட்டியலில் டைமெத்திகோன் (ஒரு வகை சிலிகோன்) உள்ளது எதுவும் வேண்டாம். கண்ணாடி மாதிரித் தெளிந்த சாதாரண ஷாம்புதான் சடைக்கு நல்லது. கடைசியில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி வினிகர் கலந்து ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு அலசிவிடுங்கள். விரிந்த செதில் படியும்.

வருஷத்துக்கு இரண்டு முறை தாராளம், மூன்றுக்கு மேல் போகாதீர்கள். முடி சடையாகி ஆறு மாதம் ஆகாத தலைக்கு இந்த ஊறலே கூடாது, அவிழ்ந்துவிடும்.

உவர்நீர் எழுதியது:

முடிச்சுக்காரி அக்கா சொன்ன அளவெல்லாம் சரி. ஆனால் போர் தண்ணீரில் அந்தச் சோடா ஊறலைப் போடுவது எனக்கு உடன்பாடில்லை. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை. தென்சென்னைப் பக்கம் பல போர்கள் அந்த மேல் வரம்பைச் சாதாரணமாகத் தொடும். அந்தத் தண்ணீரைச் சுடவைத்து அதில் சோடாவையும் போட்டால் கால்சியம் கார்பனேட்டாகப் படிய ஆரம்பிக்கும். கெய்சரின் அடியில் வெள்ளையாக ஒட்டுகிறதே, அதேதான். சுத்தம் செய்யப் போய்ச் சுண்ணாம்பு ஏற்றிய கதையாகும். ஊறலுக்கு மட்டுமாவது ஆர்ஓ தண்ணீர், லாரித் தண்ணீர், இல்லையென்றால் பிடித்து வைத்த மழைத் தண்ணீர் எடுங்கள்.

இன்னொன்று, நம் ஊர்ச் சடைகளில் நான் அதிகம் பார்ப்பது சுண்ணாம்பு அல்ல, சோப்பு. சோப்புக் கட்டி உப்புத் தண்ணீரில் பட்டால் நுரைக்காமல் திரிந்து போகும் இல்லையா, அந்தத் திரிவு கால்சியம் சோப்பு. தண்ணீரில் கரையாது, சடைக்குள் போனால் வெளியே வராது. ஸ்பூன் சோதனையில் உருகாது, வினிகர் சொட்டினால் குமிழியும் வராது, ஆனால் சிறிது நேரத்தில் பிசுபிசுவென்று ஆகும். அப்படி என்றால் வரிசையை மாற்ற வேண்டும்: முதலில் அமிலம், பிறகு ஷாம்பு. அமிலம் கால்சியத்தைப் பிரித்துவிடும், மிஞ்சுகிற கொழுப்பை ஷாம்பு எடுக்கும். ஷாம்பு போட்டுவிட்டுக் கடைசியில் மட்டும் வினிகர் ஊற்றினால், பிரிந்த கொழுப்பு உள்ளேயே தங்கிவிடும். லிட்டருக்கு 2 மேசைக்கரண்டி வினிகர் போதும், பத்து நிமிடம், கண்ணில் படாமல். தோலில் கீறல் இருந்தால் ஆறட்டும். ஷாம்பு வாங்கும்போது பட்டியலில் டைசோடியம் ஈடிடிஏ அல்லது டெட்ராசோடியம் ஈடிடிஏ முன்வரிசையில் இருக்கிறதா பாருங்கள். கால்சியத்தைப் பிடித்து இழுப்பது அதுதான்.

சீயக்காய்த் தூளை நிறுத்தியது நல்லது. கடைத் தூளில் பச்சைப்பயறு, வெந்தயம் எல்லாம் அரைத்திருப்பார்கள். பிரிந்த முடியில் அது சீவும்போது உதிர்ந்துவிடும், சடைக்குள் சீப்புக்கு என்ன வேலை? உள்ளே தங்கிய மாவு ஈரத்தில் புளித்து நாறும். சீயக்காய்தான் வேண்டும் என்றால் தூளை விட்டு, காயையோ பூந்திக்கொட்டையையோ இரவு ஊறவைத்துக் கொதிக்கவைத்து, வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டித் தெளிவை மட்டும் எடுங்கள். உப்புத் தண்ணீரிலும் திரியாது. மெழுகை மட்டும் அசைக்காது.

முடிச்சுக்காரி (லண்டன்) எழுதியது:

உவர்நீர் சொன்ன வரிசையை ஒப்புக்கொள்கிறேன். லண்டன் தண்ணீரும் சுண்ணாம்புத் தண்ணீர்தான், இங்கும் கடைசி அலசலுக்கு வடிகட்டிய தண்ணீர் எடுப்பவர்கள் உண்டு.

மெழுகை எப்படி எடுப்பது என்று யாரும் சொல்லவில்லை. தேன்மெழுகு உருகுவது ஏறக்குறைய 62 டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டில் தண்ணீர் ஊற்றினால் தோல் வெந்துவிடும், ஆகவே சுடுதண்ணீரால் மெழுகு போகும் என்பது பேச்சுக்குத்தான். சோடாவும் வினிகரும் அதைத் தொடாது. மெழுகை இளக்குவது எண்ணெய். மெழுகு இருக்கிற பகுதியில் மட்டும் பேபி ஆயிலைத் தடவி, ஹேர் டிரையரை மிதமான சூட்டில் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெழுகு இளகியதும் பழைய பனியன் துணியால் நுனியை நோக்கி இறுக்கி உருவுங்கள். துணியில் மஞ்சளாகப் பிசுக்கு வரும். உடனே ஷாம்பு இரண்டு முறை. மெழுகு இருந்த இடத்தில் எண்ணெய் குடியேறிவிடக் கூடாது. ஒரே நாளில் எல்லாச் சடையும் வேண்டாம், குளியலுக்குப் பத்துச் சடை என்று போங்கள். முழுதும் போகாது. உள்மையத்தில் இருப்பது அந்த நீளம் வளர்ந்து வெட்டுப்படும் வரை இருக்கும்.

கரிசல்காடு எழுதியது:

எல்லாரும் கழுவுவதையே பேசுகிறீர்கள். அவர் சொன்ன வாடை ஈரத்துணி வாடை. எண்ணெய் கெட்டால் சிக்கு வாடை வரும், அது வேறு. ஈரத்துணி வாடை என்றால் சடை உள்வரை காயவில்லை என்று அர்த்தம். சுண்டுவிரல் தடிமனுக்கு மேல்பக்கம் இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும், மையம் சாயங்காலம் வரை ஈரமாக இருக்கும். உள்ளே எண்ணெய்யும் மெழுகும் வழியை அடைத்திருந்தால் மறுநாளும் காயாது. அதற்குள் கொண்டை போட்டாலோ படுத்தாலோ பூசணம் பிடிக்கும்.

ஆகவே காலையில் குளிக்க வேண்டும், ராத்திரிக் குளியல் கூடாது. குளித்ததும் ஈரிழைத் துண்டால் நாலைந்து சடையாகச் சேர்த்து வேரிலிருந்து நுனிக்குப் பிழியுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம், ஈரமுடி இழுத்தால் நீளும், வேர் நோகும். தேங்காய்ப்பூத் துண்டு பஞ்சு விடும், அதைச் சடைப் பக்கமே கொண்டுவராதீர்கள். ஈரிழைத் துண்டிலும் கறுப்போ கருநீலமோ எடுத்து, சாயம் போகும்வரை துவைத்த பிறகு பயன்படுத்துங்கள். பிறகு விரித்துவிட்டு ஃபேன் முன்னால். வெயில் நல்லதுதான், ஆனால் சென்னையில் காற்றே ஈரமாக இருக்கும்போது வெயிலைவிட ஃபேன் வேகமாகக் காயவைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டிரையரைக் குளிர்காற்றில் வையுங்கள்.

காய்ந்ததா என்று மேலே தடவிப் பார்க்காதீர்கள். இருப்பதிலேயே தடித்த சடையை நடுவில் உதட்டில் அழுத்துங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம்.

தாம்பரத்தான் எழுதியது:

ஸ்பூன் சோதனை செய்தேன். நுனிப் பக்கம் எடுத்தது உருகித் தாளில் கறையானது. மேல்பாதியில் எடுத்தது உருகவில்லை, குமிழி இல்லை, வினிகரில் பிசுபிசுத்தது. சோப்புதான் போல. கூடவே பொடுகும் இருக்கிறது. பொடுகுக்கு எண்ணெய் வைக்கச் சொல்கிறார்கள். ஊறவைத்த அன்றைக்கே வேரை, அதாவது புதிதாக வளர்ந்த முடியைச் சடையோடு சேர்த்து, முறுக்கிவிடலாமா?

உவர்நீர் எழுதியது:

எண்ணெய் வேண்டாம். பொடுகுக்குப் பின்னால் இருக்கும் மலசீசியா என்ற ஈஸ்ட் தோலின் கொழுப்பைத் தின்றுதான் வாழ்கிறது. தேங்காய் எண்ணெய்யில் பெரும்பகுதியான லாரிக் அமிலமும் அதற்குத் தீனி. கீட்டோகோனசோல் 2% ஷாம்பு வாரம் இரண்டு முறை, நான்கு வாரம். வகிட்டுத் தோலில் மட்டும் போட்டு ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள், இதைத் தண்ணீர் கலந்து நீர்க்கவிட வேண்டாம். வட்டமாக முடி கொட்டி, மிச்ச முடி தோலோடு ஒடிந்திருந்தால் அது பொடுகல்ல, படை. அதற்கு மாத்திரைதான், தோல் மருத்துவரிடம் போங்கள்.

உங்கள் தலைக்கு வரிசை: மேல்பாதிக்கு முதலில் வினிகர், பிறகு ஈடிடிஏ ஷாம்பு. நுனி மெழுகுக்கு அக்கா சொன்ன பேபி ஆயில் வழி, வேறு நாளில். சோடா ஊறல் உங்களுக்குத் தேவையே இல்லை.

முடிச்சுக்காரி (லண்டன்) எழுதியது:

அன்றைக்கே முறுக்க வேண்டாம் தம்பி. ஊறிய வேர் தளர்ந்திருக்கும், அப்போது இழுத்து முறுக்கினால் நெற்றியோரமும் காதுமேலும் முடி மெலியும். அந்த மாதிரி இழுவை பல வருஷம் தொடர்ந்தால், போன முடி திரும்ப வராது. ஒரு வாரம் போகட்டும். அதற்குப் பிறகும் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை போதும், வேரை முறுக்காமல் ஊசியால் பின்னுபவர்கள் இன்னும் தள்ளிப் போடலாம். முறுக்கிய இடத்தில் சின்னக் கொப்புளம் வந்தாலோ, சிரிக்கும்போது தலைத்தோல் இழுத்தாலோ இறுக்கம் அதிகம், அன்றைக்கே தளர்த்துங்கள்.

முறுக்குவதை விட முக்கியமான வேலை, ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் சடை காய்வதற்குள் வேரோடு வேர் ஒட்டியதைக் கையால் பிரித்துவிடுவது. விட்டால் இரண்டு சடை ஒன்றாகித் தடிக்கும். தடித்தால் மறுபடி காயாது, கரிசல்காடு சொன்ன வாடை அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

கரிசல்காடு எழுதியது:

ஒன்று விட்டுப்போச்சு. இவ்வளவும் செய்து, நன்றாகக் காய்ந்த பிறகும் ஒரு குறிப்பிட்ட சடையில் மட்டும் பூசண வாடை தங்கினால், அதன் நடுவை மொபைல் டார்ச் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். கரும்புள்ளி தெரிந்தால் டீ ட்ரீ எண்ணெய் சொட்டு விட்டுக்கொண்டிருக்காதீர்கள். புள்ளிக்கு ஒரு அங்குலம் மேலே வெட்டிவிடுங்கள், வெட்டிய கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு அடுத்த சடையைத் தொடுங்கள். தலையணை உறை, தொப்பி எல்லாவற்றையும் அன்றைக்கே சுடுதண்ணீரில் துவைத்துப் போடுங்கள்.