ஐப்பசியில் வரும் விருந்தாளிகள்: உங்கள் ஊரில் பார்த்தது என்ன?

போன ஐப்பசி, தீபாவளிக்கு நாலு நாள் முன்னால். ராத்திரி முழுக்க மழை. விடிந்ததும் கதவைத் திறந்த அம்மா, "இங்க வந்து பாரு, கிளி மாதிரி என்னமோ உக்காந்திருக்கு" என்று கூப்பிட்டார். திண்ணை ஓரம், செருப்புகளுக்கு நடுவே, மைனாவைவிடச் சிறிய ஒரு பறவை. முதுகு பச்சை, தோளில் பளிச்சென்று நீலம், கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. வாலைத் தேடத்தான் வேண்டும், அவ்வளவு குட்டை.

ஆறுமணிக்குருவி! விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் அந்தப் பெயர். வடக்கே இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே இலங்கை வரைக்கும் வருகிறது. பயணம் இரவில். களைத்துப்போய் வீடுகளில் வந்து விழுவது இந்த மாதத்தில் அடிக்கடி நடக்கும்.

பக்கத்து வீட்டுச் சித்தப்பா அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றப் போனார். வேண்டாம் என்று தடுத்தேன், மூச்சுக்குழலில் இறங்கினால் செத்துவிடும். துளை போட்ட அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, இருட்டறையில் பூனைக்கு எட்டாமல் வைத்தோம். சாயங்காலம் ஐந்தரைக்குக் கொல்லைப் புதரருகே பெட்டியைத் திறந்தால், வெகுநேரம் அசைவே இல்லை. அப்புறம் தத்தித் தத்திப் போய் ஒரு சருகைப் புரட்டி எதையோ கொத்தியது பாருங்கள், அம்மா கைதட்டிவிட்டார். மறுநாள் காலை அதே புதரிலிருந்து சீழ்க்கை. மாசி வரை கேட்டது.

எங்காவது பார்த்தால் கூண்டில் மட்டும் அடைக்காதீர்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் ஐப்பசி பிறந்ததும் கண்ணில் படுவது எது?

*

அண்ணா, நான் யாழ்ப்பாணம். எங்களுக்கு மாரி தொடங்கினால் தம்பளப்பூச்சிதான். முதல் பெருமழை விட்டு வெயில் எறித்ததும் ஈர மண்ணில் சிவப்புப் பட்டுத் துண்டுகள் ஊர்ந்து வரும். சின்ன வயதில் நெருப்புப் பெட்டிக்குள் புல் வைத்து வளர்க்கப் பார்த்து, எல்லாம் செத்துப்போகும். அது கறையானையும் ஈசலையும் தின்னும் உயிர், புல்லை என்ன செய்யும்! கால்களை எண்ணிப் பாருங்கள், எட்டு இருக்கும். பூச்சியே இல்லை, சிலந்திக்குச் சொந்தம். இப்ப என் மகளுக்குக் கையில் விட்டுக் காட்டிவிட்டு, எடுத்த இடத்திலேயே விடுகிறோம்.

*

தூத்துக்குடிப் பக்கம் தட்டான் கூட்டம். உப்பளத்துக்கு மேல் மஞ்சள் தட்டான்கள் காற்றோடு போய்க்கொண்டே இருக்கின்றன. இந்த இனம் அக்டோபரில் மாலத்தீவில் கூட்டமாக வந்து இறங்குவதைக் கவனித்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர், இவை இந்தியாவிலிருந்து கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று 2009இல் எழுதினார். ஒரு விரல் நீளம்கூட இல்லை! நேற்று எண்ணத் தொடங்கி இருநூறோடு விட்டுவிட்டேன். இன்றைக்கும் சாயங்காலம் போகிறேன்.